தட்டை குத்திய பல் சக்கரம்

1955-ஆம் வருஷம், பங்குனி மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். கேரளம் என்ற பெயரில் மாநிலம் இன்னும் உண்டாகவில்லை. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. வாய் மட்டும் அப்போதே நீளம், இன்றும் குறையவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அலங்காரம் எனக்கு வராது.

வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அக்கா. கணவர் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அக்காவை, அதாவது என் நாத்தனாரை, கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போனான். போனவன் போனவன்தான். இருக்கிறானா செத்தானா என்று ஒரு தகவலும் இல்லை. அதனால் எங்கள் ஜனங்களுக்கு அவள் விஷயத்தில் பெரிய சங்கடம். சுமங்கலி என்று மஞ்சள் குங்குமம் கொடுக்கவும் யோசிப்பார்கள், இல்லை என்று சொல்லவும் யோசிப்பார்கள். யோசிக்கிற சிரமம் எதற்கென்று எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவள் செய்கிற தட்டையைக் கூப்பிடுவார்கள். எறணாகுளத்தில் கல்யாணமானாலும் மட்டாஞ்சேரியில் கல்யாணமானாலும் சீர் பட்சணத்தில் தட்டை எங்கள் அக்கா கையால்தான். அவள் போக முடியாத வீடுகளுக்கெல்லாம் அவள் தட்டை தகர டின்னில் ஏறி, போட்டில் அக்கரை போய், பந்தலில் உட்கார்ந்துவிட்டு வரும். டின் காலியாகத் திரும்பி வந்ததும், "தட்டை எப்படி இருந்துதாம்?" என்று கேட்பாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

நாத்தனார் என்றால் சண்டை என்பார்கள். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. எல்லாம் மடியைப் பற்றித்தான். குளித்து, நனைத்து உலர்த்திய துணி உடுத்தி, யார் மேலும் படாமல் சமைப்பதை எங்கள் வீடுகளில் மடி என்பார்கள். அக்காவின் மடி சாதாரண மடி இல்லை. என் நிழல் அடுப்பில் விழுந்தாலே, "தள்ளிப் போடி!" என்பாள். நான் திருப்பிக் கத்துவேன். ஆனால் மூன்றாம் மனுஷர் அவளை ஒரு சொல் சொன்னால் விடமாட்டேன். அது வேறு கணக்கு.

தட்டை செய்கிறவர்களுக்குத் தெரியும். மாவைத் துணியில் வட்டமாகத் தட்டினதும் அங்கங்கே குத்திவிட வேண்டும். குத்தாமல் எண்ணெயில் போட்டால் பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். உப்பின தட்டை மறுநாளே நமுத்துப் போகும். அக்கா ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்துவாள். கல்யாணத் தட்டை என்றால் ராத்திரி அவளுக்கு விரல் மடங்காது.

நான் சொல்கிற பங்குனிக்கு முந்தின வருஷம், யூதர்கள் குடியிருந்த ஜூதத் தெருவிலிருந்து குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கொண்டுபோக முடியாததை வாசலில் வைத்து விற்றார்கள். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக வாங்கிக் கூடை கூடையாக வைத்திருந்தார். பித்தளைக் குடம் ஒன்று பிடித்துப்போய் ஒரு கூடையை வாங்கினேன். குடத்துக்குள் அது கிடந்தது.

கைக்கு அடக்கமான மரப்பிடி. அதன் நுனியில் ஒரு பித்தளைச் சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் கூரான பற்கள். தள்ளினால் உருளும். பிடியில் மூன்று கீறல்கள். என்ன சாமான் என்று யாருக்கும் புரியவில்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிறதாக இருக்கும் என்று நான் ஈர வாசலில் உருட்டிப் பார்த்தேன். வரிசையாகப் புள்ளி விழுந்தது. ஆனால் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கமான புள்ளி. அதில் எந்தக் கோலத்தைப் போடுவது? வீசி எறியப் போனேன்.

அக்கா நடையில் நின்று அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடி, இது தட்டைக்கு ஆகுமேடி!"

புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கொதிக்கிற வெந்நீரில் போட்டாள். மஞ்சள் நீரில் ஊறவைத்தாள். அவளுக்குத் திருப்தியாக ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் தட்டையின் மேல் குறுக்கே ஒரு உருட்டு, நெடுக்கே ஒரு உருட்டு. அவ்வளவுதான். ஒன்றுகூட உப்பவில்லை. அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் முழுக்க அந்தச் சக்கரம் எங்கள் அடுக்களையில் ஓடியது. நான் முதலில் சொன்ன பங்குனியில் எறணாகுளத்தில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. தட்டை டின்கள் போட்டில் போயின. அன்று சாயங்காலம் பம்பாய் மாமா வந்தார்.

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. பம்பாயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, பக்கத்தில் குடியிருந்தார். எங்கள் வீட்டுப் பேப்பரைப் படிக்க தினமும் வருவார். எங்கள் ஜனங்களுக்கு அவர் சொன்னால் அப்பீல் இல்லை. கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர், சுவரில் காய்ந்துகொண்டிருந்த சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இது எங்கேர்ந்துடி வந்தது?"

"பழைய சாமானோட வந்தது மாமா. அக்கா இதை வெச்சுத்தான் தட்டை குத்தறா."

"சிவ சிவா! பம்பாயில எங்க ஆபீஸ் வாசல்ல செருப்புத் தைக்கறவன் ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன் கையில இதே சக்கரத்தைப் பாத்திருக்கேன். தையல் எங்கே விழணும்னு தோல்ல உருட்டிப் பதிப்பான். இதைப் போயா அடுக்களையில வெச்சிருக்கேள்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பஜனையில நீங்க தட்டற மிருதங்கம் என்ன வாழைப்பட்டையிலயா பண்ணினது?" என்று கேட்டேன். என் கணவர் எழுந்து வாசலுக்குப் போனார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நேரே போட்டேறி அக்கரையில் கல்யாண வீட்டுக்கே போய்ச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மறுநாளே டின்கள் திறக்காமல் திரும்பி வந்தன. கொண்டு வந்தவன், "தட்டை வேண்டாம்னு சொல்லிட்டா. வேற வருத்தம் ஒண்ணும் இல்லையாம்" என்றான். வருத்தம் அவர்களுக்கு எதற்கு வருகிறது?

அக்கா கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டாள். எண்ணெய்ச் சட்டியையும் தட்டை தட்டுகிற துணியையும் எடுத்துக் கொல்லையில் வைத்தாள். கையைச் சிகைக்காய் போட்டுத் தேய்த்தாள், சிவந்த பிறகும் தேய்த்தாள். அப்புறம் நடையில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை கல்யாணத்துக்குக் குடுத்திருக்கேன்! எல்லாம் செத்த மாட்டுத் தோல் பட்டதா? இனிமே நான் அடுக்களைக்குள்ள வரமாட்டேன். நீயே சமை."

நான் சமைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அது எங்களுக்கு வேறு தண்டனை.

கோபத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு என்று இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். அதையும் ஒரு மனுஷர் போகிற போக்கில் பிடுங்கிவிட்டுப் போனார். செருப்புச் சாமான் இல்லை என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று, சக்கரத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிவிட்டேன்.

பழைய சாமான் கடைக்காரர், "கப்பல்காரன் சாதனம். வரைபடத்தில் உருட்டி தூரம் அளக்கும்" என்றார். நேற்றுதான் கண்டுபிடித்தது போல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். தையல்காரர், "துணியில உருட்டினா துணி கிழியும்" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஜெட்டிக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடமே போய்விட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டினார்.

"இங்க குடுங்கம்மா. ஒரு துண்டுத் தோல்ல உருட்டிப் பாத்துச் சொல்லுதேன்."

"ஐயோ, தோல்ல வேண்டாம்!" என்று பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தோல் சாமானான்னு கேக்க வந்துட்டு, தோல்ல படக்கூடாதுங்கீகளே. நான் என்ன ஜோசியமா பாக்க?"

நியாயமான கேள்வி. தப்பித் தவறி அதுவரை தோல் படாமல் இருந்து, நானே கொண்டுபோய்ப் பட வைத்தேன் என்று ஆனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? என் முழியைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தூக்கிப் பிடிங்க" என்று தூரத்திலிருந்தே பார்த்தார்.

"இது எங்க சாமான் இல்லம்மா. எங்களுது இரும்பு. பல்லு இதைவிட நெருங்கி இருக்கும். இவ்வளவு எடவெளி விட்டுத் தச்சா, செருப்பு இந்த ஜெட்டியைத் தாண்டாது."

ஓட்டமாக வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது இல்லேன்னா வேற எது? எதுக்குன்னு பண்ணினதுன்னு சொல்லு. இல்லேங்கறது எனக்குப் போறாதுடி."

இது எதற்கான கருவி என்று தெரிந்தால்தான் அவள் எழுந்திருப்பாள். மறுபடியும் பழைய சாமான் கடைக்குப் போனேன். இந்த முறை அவர் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கூடை எந்த வீட்டு வாசலில் வாங்கினது என்று மட்டும் கேட்டேன். ஜூதத் தெருவில் ஒரு வீட்டைச் சொன்னார். அது பூட்டிக் கிடந்தது. அதை ஒட்டின வீட்டில் இருந்தவளை எனக்குத் தெரியும். கோவிலுக்குப் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். பார்த்தால் சிரிப்பாள். எங்கள் அக்கா வயதுதான் இருக்கும். நான் அவளைச் சேச்சி என்பேன். அதற்கு மேல் பழக்கம் இல்லை. அவர்கள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள். நாங்களும் அவர்கள் வீட்டில் தொட மாட்டோம்.

அன்று அந்தத் தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. கட்டில், பெட்டி எல்லாம் வெளியே கிடந்தன. சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சேச்சி வாசலில் உட்கார்ந்து முறத்தில் கோதுமை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்த்தாள்.

நான் துணியைப் பிரித்தேன். சக்கரத்தைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்தாள். கை முன்னால் வந்தது. பாதியில் நின்றது. அப்படியே பின்னால் இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டா. எனிக்கு இப்போ தொடான் பாடில்லா."

தொடக்கூடாதாம்! எனக்கு உச்சந்தலை சுட்டது. அப்போ மாமா சொன்னதுதான் சரியா?

"நீங்களும் தொட மாட்டீர்களா? அப்படியானால் இது செருப்புச் சாமான்தானா? வாயைத் திறந்து சொல்லுங்கள்!" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"செருப்போ?" அவள் திகைத்துப்போனாள். "செருப்போ! ஆரு பறஞ்ஞு?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

என்னைப் படியில் உட்காரச் சொல்லி, தள்ளி உட்கார்ந்து அவள் மலையாளத்தில் சொன்னது இது. அவர்களுக்குப் பெசஹா என்று ஒரு பண்டிகை. எட்டு நாள். முன்னொரு காலத்தில் அவர்களுடைய முன்னோர் அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டைவிட்டு ஓடும்போது, பிசைந்த மாவு புளிக்கிறவரை காத்திருக்க நேரமில்லை. புளிக்காத மாவிலேயே ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டு போனார்கள். அந்த ஞாபகத்துக்கு, அந்த எட்டு நாளும் புளித்தது ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. மாவில் தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து ரொட்டி அடுப்புக்குள் போகிறவரை கை நிற்கக் கூடாது. ரொட்டி உப்பவும் கூடாது. உப்பாமல் இருக்கத்தான் இந்தச் சக்கரத்தை உருட்டுவார்கள்.

"தட்டை!" என்றேன் நான்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அக்கா ஒரு வருஷமாக என்ன வேலைக்கு அதை வைத்திருந்தாளோ, அதே வேலைக்குத்தான் அது பிறந்திருக்கிறது!

பிடியில் இருந்த கீறல்களை அவள் விரலால் தொடாமல் காட்டினாள். கீறல் இல்லையாம், அவர்கள் எழுத்து. பெசஹா என்று எழுதியிருக்கிறதாம். அந்தப் பண்டிகைக்கு என்று வைத்த சாமான் வருஷம் முழுவதும் பரணில் தனியாக இருக்கும். வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கப்பலுக்குக் கிளம்பின அவசரத்தில் தெரியாமல் விற்றுவிட்டார்கள். தெருவில் எல்லோரும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் நாத்தனார் ஒரு வருஷமாக அதை வைத்துக் கல்யாணங்களுக்குத் தட்டை குத்தின கதையைச் சொன்னேன். "இதை அவளிடம் நீங்களே வந்து சொல்ல வேண்டும். அவள் ரொம்ப மடி" என்றேன்.

சேச்சி முகம் சுளித்தாள். "மடியோ? இத்ர பணி எடுக்குந்ந ஸ்த்ரீக்கு மடியோ?"

மலையாளத்தில் மடி என்றால் சோம்பேறித்தனம். அது எனக்கு மறந்தே போயிற்று. எங்கள் மடி என்றால் என்ன என்று நான் விளக்கி முடிக்கிறபோது அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அதா? அது இங்கேயும் உண்டு" என்றாள்.

மறுநாள் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். கொல்லை வழியாக வந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அக்கா அடுக்களைப் பின்வாசலில் நின்றாள். இவள் அவள் மேல் பட்டுவிடக் கூடாது, அவள் இவள் மேல் பட்டுவிடக் கூடாது. நடுவில் கிணறு. அந்த மாதிரி ஒரு விசாரணையை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை.

"மாமிசம் சமைக்கிற இடத்துல இருந்ததா?" என்று அக்கா கேட்டாள். நான் மலையாளத்தில் கேட்டேன்.

ரொட்டி சுடுகிற இடத்தில் வேறு எதுவும் வராதாம். மாவும் தண்ணீரும் மட்டும்தான். எண்ணெய்கூட இல்லை.

"உப்பு?"

உப்பும் இல்லை.

"தண்ணி எந்தத் தண்ணி?"

பண்டிகைக்கு முன்னால் கிணற்றை இறைத்துத் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஊறுகிற தண்ணீர்.

"கிணத்தையா?" அக்காவின் குரல் மாறிவிட்டது. "கிணத்தையே கழுவறாளாடி?"

கோதுமையை மாதக் கணக்காக மணி மணியாகப் பொறுக்குவது, பாத்திரம் முழுவதும் வேறு, துணி வேறு, அந்தப் பக்கம் சின்னக் குழந்தை ரொட்டித் துண்டோடு வந்தால்கூட விரட்டுவது என்று சேச்சி சொல்லிக்கொண்டே போனாள். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம் மட்டும் இல்லை, கொஞ்சம் பொறாமையும்.

"நம்மளைவிட மோசமா இருக்காளேடி!" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு அவளிடம் கிடையாது.

பிறகு சக்கரத்தை எடுத்துக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். "அவா சாமான். பண்டிகைக்கு வேணும். எடுத்துண்டு போகச் சொல்லு."

நான் சொன்னேன். சேச்சி சக்கரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஏதோ சொல்லத் தயங்கினாள்.

"தட்டையில் என்னெல்லாம் சேர்ப்பீர்கள்?"

அரிசி மாவு, உளுந்து மாவு, மிளகாய், பெருங்காயம் என்றேன்.

"பெருங்காயத்தில் கோதுமை மாவு உண்டோ?"

"கட்டிப் பெருங்காயம்னா கோதுமை மாவு கலந்துதான் கட்டுவா" என்று, படிக்குத் திரும்பிப் போயிருந்த அக்கா சொன்னாள்.

சேச்சி கையைக் கூப்பினாள். "க்ஷமிக்கணும். இனி ஞங்ஙள்க்குப் பற்றில்லா."

எங்கள் அடுக்களையில் புகுந்து வந்தது அவர்களுக்கு ஆகாதாம்! சுத்தம் பண்ண ஒரு முறை இருக்கிறதாம். ஆனால் ஒரு வருஷம் எண்ணெய் குடித்த மரப்பிடியை எந்த வெந்நீரும் சரி செய்யாதாம். இந்த வருஷம் முள்கரண்டியால் குத்திக்கொள்வார்களாம். முதல் நாள் அவள் கையை இழுத்துக்கொண்டதும், பெசஹாக் கோதுமை பொறுக்குகிற கையால் வெளியே போய் வந்த சாமானைத் தொடக் கூடாது என்றுதான்.

எனக்கு ரோஷம் வந்தது. எங்கள் அக்கா கை பட்டது ஆகாதா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"நம்மாத்துல பட்டது அவாளுக்குத் தீட்டாம்டி! கேட்டியோ? நாம அதைத் தீட்டுப் பண்ணியிருக்கோம்!"

கிணற்றுக்கு அந்தப் பக்கம் சேச்சியும் சிரித்தாள். "மடிச்சி!" என்று அக்காவைக் காட்டினாள். சோம்பேறிப் பெண் என்று அர்த்தம். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

அன்று மாலை பம்பாய் மாமா பேப்பருக்கு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "ஜூதன் ரொட்டியா? அது அதைவிட மோசமாச்சேடி!" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா நடையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"மாமா, அவா கிணத்தைக் கழுவறா. நீங்க ஒரு நாள் உங்காத்துக் கிணத்தைக் கழுவியிருக்கேளா? அவா மடிக்கு முன்னால நம்ம மடி தூசு. இந்தச் சக்கரம் எங்காத்துலதான் இருக்கும். தட்டையும் இதாலதான் குத்துவேன். வேண்டாதவா வாங்க வேண்டாம்."

சொல்லிவிட்டு நேரே அடுக்களைக்குள் போனாள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. என் கணவர் அன்று வாசலுக்குப் போகவில்லை. "நாளைலேர்ந்து பேப்பர் உங்காத்துக்கே குடுத்தனுப்பறேன் மாமா" என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய பெரிய பேச்சு அது.

சிலர் எங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்த எறணாகுளத்துக் கல்யாணத்தில் வேறு எங்கேயோ வாங்கின தட்டை உப்பி, நமுத்து, சம்பந்தி வீட்டார் மூஞ்சியைத் தூக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாக்குக்கு மடி ரொம்ப நாள் தாங்காது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆனால் தட்டையைத்தான் கூப்பிட்டார்கள். அக்காவைக் கடைசிவரை கூப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

கூப்பிட்டவள் ஒருத்திதான். சில வருஷம் கழித்து அந்தத் தெருவில் ஒரு கல்யாணம். சேச்சி குடை பிடித்துக்கொண்டு வந்து, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "மடிச்சி வரணும்" என்றாள். அக்கா பெட்டியின் அடியிலிருந்து தன் கூறைப் புடவையை எடுத்தாள். மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. என் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் மட்டும் உரித்துத் தின்றாள். திரும்பி வந்து ராத்திரி முழுக்க அந்தக் கல்யாணத்தைப் பற்றியே பேசினாள்.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு வருஷமும் பெசஹா வருகிற எட்டு நாளும் அந்தச் சக்கரத்தைத் தொட மாட்டாள். துவைத்த துணியில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பழையபடி ஈர்க்குச்சியால் குத்துவாள். "ஏன் அக்கா, அதுதான் அவாளுக்கே ஆகாதுன்னு ஆயிடுத்தே" என்று கேட்டேன். "அவாளுக்கு ஆகாட்டா என்ன? அது பொறந்த ஆத்துப் பண்டிகையாச்சே" என்றாள்.

அறுபதுகளின் கடைசியில் சேச்சி குடும்பமும் கிளம்பிற்று. சொல்லிக்கொள்ள வந்தபோது அக்கா சக்கரத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்து, "உங்க மனுஷா சாமான், கொண்டு போங்கோ" என்றாள். நான் நடுவில் பேச வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இவள் தமிழ் அவளுக்கும் அவள் மலையாளம் இவளுக்கும் வந்துவிட்டது.

"அவிடெ எல்லாம் மெஷின் ஆணு. இது இவிடெ கறங்ஙட்டே, மடிச்சீ."

இங்கேயே சுற்றட்டும் என்றாள். பண்டிகை முடிந்திருந்தது. அதனால் தொடலாம். முதல் தடவையாகச் சேச்சி சக்கரத்தைக் கையில் எடுத்தாள். தன் உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். வரிசையாகப் புள்ளி விழுந்தது. அப்படியே சுவரில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா அந்தச் சக்கரத்தை எடுத்தாள். எதிரே கிணறு, பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். கழுவவில்லை. அப்படியே அடுக்களைக்குள் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இப்போது இல்லை. சேச்சி எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதும் தெரியாது. சக்கரம் என்னிடம் இருக்கிறது. பல் கொஞ்சம் மழுங்கிவிட்டது, இன்னும் ஓடுகிறது. பெசஹா எந்தத் தேதி என்று கேட்க அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் பங்குனிப் பௌர்ணமியை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் பண்ணுகிறேன். மடி, ஆசாரம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது; ஆனாலும் அந்த எட்டு நாள் மட்டும் சக்கரத்தைத் துணியில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு, விரல் வலிக்க வலிக்க ஈர்க்குச்சியால்தான் தட்டை குத்துகிறேன்.